கட்டணம் குறைவு, சரி, தரம்? அரசுப் பல்கலைக்கழகத்தை எடைபோடுவது எப்படி

பிளஸ் டூ முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு, ஆனால் அங்கே படிப்பு எப்படி இருக்கும்? செய்திகளைப் படித்தால் குழப்பம் கூடத்தான் செய்கிறது. 2024 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பட்டியலில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. அதே மாதத்தில் அங்கே துணைவேந்தர் பதவி காலியானது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வரவில்லை என்று ஊழியர்கள் போராடினார்கள்.

இவை எல்லாமே உண்மை. ஆனால் இவற்றில் எது சேரப்போகும் மாணவரைத் தொடும், எது தொடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரை மொத்தமாக வைத்து நல்லது, கெட்டது என்று முடிவுகட்டுவதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பார்க்க வேண்டியது மூன்று: எந்த வளாகம், எந்தத் துறை, எந்த வகை இடம். இந்த மூன்றுக்கும் தேவையான தகவல்களில் பெரும்பகுதி பொதுவெளியிலேயே இருக்கிறது.

## முதல் கேள்வி: இது எந்த வகை நிறுவனம்?

"அண்ணா யுனிவர்சிட்டியில் சேர்ந்திருக்கிறான்" என்று ஒருவர் சொன்னால் அது குறைந்தது ஐந்து வேறு வேறு நிலைமைகளைக் குறிக்கலாம்.

1. பல்கலைக்கழகத் துறைகள். சென்னையில் உள்ள நான்கு வளாகங்கள்: 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் நியமனம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பு.

2. மண்டல வளாகங்களும் உறுப்புக் கல்லூரிகளும். கோவை, மதுரை, திருநெல்வேலி ஆகிய மண்டல வளாகங்கள்; திருச்சி, விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி, அரியலூர், பட்டுக்கோட்டை, திருக்குவளை, திண்டுக்கல், ராமநாதபுரம், நாகர்கோவில், தூத்துக்குடி, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் உள்ள உறுப்புக் கல்லூரிகள். நடத்துவது பல்கலைக்கழகமே. ஆனால் வயதில் இளைய நிறுவனங்கள் இவை; வசதியிலும் ஆசிரியர் எண்ணிக்கையிலும் கிண்டிக்கும் இவற்றுக்கும் இடைவெளி உண்டு.

3. அரசு பொறியியல் கல்லூரிகள். கோவை ஜி.சி.டி., காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரி, சேலம், திருநெல்வேலி, பர்கூர், வேலூர், தஞ்சாவூர், போடி, தர்மபுரி, ஸ்ரீரங்கம் போன்றவை. நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, மாநில அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்துடையது.

4. அரசு உதவி பெறும் கல்லூரிகள். கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர் போன்றவை. இவற்றில் சில பாடப்பிரிவுகளுக்கு அரசு சம்பளம் தருகிறது, சிலவற்றுக்குத் தருவதில்லை.

5. சுயநிதி இணைப்புக் கல்லூரிகள். எண்ணிக்கையில் இவைதான் மிக அதிகம். முழுக்கத் தனியார். சான்றிதழில் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம் என்று இருக்கும்.

கலை, அறிவியல் படிப்புகளிலும் இதே அமைப்புதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம், கிண்டி வளாகங்களில் உள்ள துறைகள் வேறு; மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகள் வேறு; அதே பல்கலைக்கழகத்துடன் இணைந்த தனியார் கல்லூரிகள் வேறு. பாரதியார், பாரதிதாசன், பெரியார், திருவள்ளுவர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது. என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும் இடம், அதன் சொந்த வளாகங்களின் தரவை வைத்துக் கணக்கிடப்படுவது. இணைப்புக் கல்லூரிகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே தனியார் கல்லூரியின் விளம்பரப் பலகையில் பல்கலைக்கழகத்தின் தரவரிசை எண்ணைப் பார்த்தால், அது அந்தக் கல்லூரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு வகைகளைச் சேர்த்துச் சொல்லிவிடலாம். திருவாரூரில் 2009இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், மத்திய அரசின் பணத்தில் நடப்பது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பொது நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை தனியார். பெயரில் பல்கலைக்கழகம் என்று இருப்பதால் அரசு நிறுவனம் என்று நினைத்துவிடக் கூடாது.

## இரண்டாவது கேள்வி: உங்களுக்குக் கிடைப்பது எந்த வகை இடம்?

ஒரே கல்லூரியில், ஒரே துறையில், ஒரே வகுப்பறையில் உட்காரும் இருவர் வேறு வேறு கட்டணம் கட்டலாம். கலந்தாய்வுப் பட்டியலில் சில பாடப்பிரிவுகளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'எஸ்.எஸ்.' என்று இருக்கும். சுயநிதிப் பிரிவு என்று பொருள். அரசு உதவி பெறும் கல்லூரியிலும் உண்டு, பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்திலும் உண்டு. வழக்கமான பிரிவைவிடக் கட்டணம் கூடுதல். விருப்பப் பட்டியலை அவசரமாக நிரப்பும்போது இந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, சேர்க்கை நாளில் திகைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

பொறியியலில் சேர்க்கை கட்-ஆஃப் மதிப்பெண்படி நடக்கிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200. நுழைவுத்தேர்வு 2007 முதல் இல்லை. சுயநிதிக் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாக வரும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கும் கட்டணம் வேறு. 2017இல் கட்டண நிர்ணயக் குழு விதித்த வரம்பு: அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற பிரிவானால் 55,000, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை என்பதால், சேரும் ஆண்டில் நடப்பில் உள்ளதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## மூன்றாவது கேள்வி: பட்டம் எங்கே செல்லும்?

அரசுப் பல்கலைக்கழகம் தரும் பட்டம் தானாகவே எல்லா இடத்திலும் செல்லும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நேரடி வகுப்புப் படிப்புகளில் பெரும்பாலும் அது சரி. ஆனால் இரண்டு விதிவிலக்குகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, தொலைநிலைக் கல்வி. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அது நடத்தும் தொலைநிலைப் படிப்புக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. இரண்டாவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., தனியே அனுமதி தர வேண்டும். 1929இல் தொடங்கி, 2013இல் தமிழ்நாடு அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதை இதற்குச் சாட்சி. அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி. 2022இல் பொது அறிவிப்பு வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம்பிச் சேர்ந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். சிதம்பரம் வளாகத்தில் நேரடி வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. தொலைநிலையிலோ இணையவழியிலோ சேர நினைப்பவர்கள், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்தக் குறிப்பிட்ட ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கட்டவே கூடாது.

இரண்டாவது, இணைத்தன்மை. அரசு வேலைக்கான அறிவிக்கையில் "இயற்பியலில் முதுகலைப் பட்டம்" என்று கேட்டிருப்பார்கள். உங்கள் சான்றிதழில் பாடத்தின் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இன்னொரு சொல் ஒட்டியிருந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும் அரசாணை தேவைப்படும். அது இல்லாவிட்டால் தேர்வில் வென்றும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க நேரிடும். கவர்ச்சியான புதுப் பெயர்களுடன் படிப்புகள் வரும்போது, ஆசிரியர் பணிக்கோ டி.என்.பி.எஸ்.சி. வேலைக்கோ போக எண்ணுபவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்: இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா, இருந்தால் அதன் எண் என்ன? துறைத் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விவரம் இது.

## உண்மையான செலவு எவ்வளவு?

அரசு கலை அறிவியல் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிறு தொகைகள்தான். பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசு பொறியியல் கல்லூரிகளிலும் கற்பிப்புக் கட்டணம் தனியாரைவிட வெகு குறைவு. ஆனால் கட்டண ரசீது சொல்வது செலவில் ஒரு பகுதியை மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக. ஊரிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி உள்ள அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 30,000 ரூபாய். ஹாஸ்டலில் மெஸ் செலவு மாதம் 4,000 வீதம் பத்து மாதத்துக்கு 40,000. ஊருக்குப் போய்வர 5,000. மொத்தம் 75,000. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வுக் கட்டணம் 55,000, கல்லூரிப் பேருந்துக்கு 25,000, "இதர கட்டணம்" என்று 20,000. மொத்தம் ஒரு லட்சம். நான்கு ஆண்டுக்கு வித்தியாசம் ஒரு லட்சம் ரூபாய். குறைவான தொகை இல்லை. ஆனால் கட்டணங்களை மட்டும் பார்த்தபோது ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றியது, மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல்.

அரசு ஹாஸ்டல்களில் பெரும்பாலும் டிவைடிங் முறை. அந்த மாதம் ஆன மொத்தச் செலவை மாணவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அதனால் மெஸ் கட்டணம் மாதத்துக்கு மாதம் மாறும். சேர்க்கைக் கையேட்டில் உள்ள தொகையை நம்பாமல், கடந்த ஆறு மாத மெஸ் பில் எவ்வளவு வந்தது என்று அங்கே தங்கியிருப்பவரிடம் கேட்பதே சரி. எல்லா உறுப்புக் கல்லூரிகளிலும் எல்லோருக்கும் ஹாஸ்டல் இடம் கிடைத்துவிடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் குடும்பங்கள், இடம் கிடைத்த பிறகு அல்ல, விருப்பப் பட்டியல் போடும் முன்பே இதை விசாரிக்க வேண்டும்.

அப்புறம் கழிக்க வேண்டியவை. இங்கேதான் பல குடும்பங்கள் தங்களுக்கு உரியதைக் கோட்டைவிடுகின்றன.

1. 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 2021இலும் வந்தது. இதன் வழியாகப் பொறியியல் இடம் பெற்றவர்களின் கற்பிப்பு, ஹாஸ்டல், கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. இவர்களுக்கு மேலே போட்ட கணக்கே மாறிவிடும். கட்டணம் குறைந்த கல்லூரியைத் தேடாமல் தரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

2. முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதவராக இருந்தால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேரும் தொழிற்கல்விக்குக் கற்பிப்புக் கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது.

3. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதலும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் திட்டம் பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. மெஸ் பில்லில் கால்வாசி இதிலேயே போகும்.

4. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

இவற்றைப் பெற, எந்தச் சலுகை என்பதைப் பொறுத்து, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் போன்றவை தேவைப்படும். இ-சேவை மையத்தில் ஜூன் மாதக் கூட்டத்தில் நிற்காமல் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கடன் வாங்கும் நிலை வந்தால், 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் பிணையம் கேட்பதில்லை. அரசு நிறுவனத்தில் படிப்பவருக்கு அந்த வரம்பே பெரும்பாலும் போதும்.

## யார் பாடம் நடத்துகிறார்கள்?

கட்டடம், பெயர், பழமை எல்லாவற்றையும்விட இந்தக் கேள்வி முக்கியம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. அந்த இடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். தொகுப்பூதியம்தான், பணிப் பாதுகாப்பு இல்லை. அவர்களில் பலர் முனைவர் பட்டமும் தகுதித் தேர்வும் முடித்தவர்கள், வகுப்பில் உயிரைக் கொடுத்து நடத்துபவர்கள். எனவே கௌரவ விரிவுரையாளர் அதிகம் உள்ள துறை மோசமான துறை என்று சொல்லிவிட முடியாது. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு வழிகாட்டியவர் நான்காம் ஆண்டு அங்கே இருக்க மாட்டார். ஆய்வுத் திட்ட நிதி நிரந்தர ஆசிரியர் பெயரில்தான் வரும். அவர்கள் குறைந்தால் லேபில் புதுக் கருவி வராது. முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புகளில் இதன் பாதிப்பு இளங்கலையைவிடப் பல மடங்கு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில்தான் அறிவிக்கை வந்தது என்பதே பற்றாக்குறையின் அளவைக் காட்டும்.

இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை அப்படியே நம்பலாமா? அரசு நிறுவனங்களில் ஓரளவு நம்பலாம். தனியார் இணைப்புக் கல்லூரிகளில் கவனம் தேவை. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் ஆவணங்களுடன் வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது. ஆய்வுக்கு வரும் குழுவுக்குக் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட பெயர்கள் அவை. அரசுக் கல்லூரியில் பத்துப் பணியிடத்தில் நான்கு காலி என்றால் அது வெளிப்படையாகத் தெரியும். வெளிப்படையாகத் தெரியும் குறையை வைத்து முடிவெடுக்க முடியும், மறைக்கப்பட்ட குறையை வைத்து முடிவெடுக்க முடியாது. அரசு நிறுவனங்களின் குறைகள் செய்தியாக வருவதற்கும் இந்த வெளிப்படைத்தன்மை ஒரு காரணம். பெற்றோர் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

## நாக், என்.பி.ஏ., என்.ஐ.ஆர்.எஃப்.: எது எதைச் சொல்கிறது?

நாக் என்பது ஒரு கல்லூரி அல்லது பல்கலைக்கழகம் முழுமைக்கும் மதிப்பெண் போடும் தேசிய அமைப்பு. நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஏ பிளஸ் பிளஸ். அடுத்தடுத்து ஏ பிளஸ், ஏ, பி பிளஸ் பிளஸ் என்று இறங்கும். வழக்கமாக ஐந்து ஆண்டு செல்லும். எந்த ஆண்டில் வாங்கியது என்று பாருங்கள். காலாவதியான தரத்தைப் பலகையில் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்கள் சிலரை லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. எழுத்துத் தர முறையையே மாற்றி, அங்கீகாரம் உண்டு, இல்லை என்ற இருநிலை முறைக்குப் போகும் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நாக் தரத்தை நுழைவாயிலாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளக் கூடாது.

என்.பி.ஏ. என்பது பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கான தேசிய அங்கீகாரம்; கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே தரப்படுவது. இயந்திரவியலுக்கு இருக்கும், அதே கல்லூரியில் கணினிக்கு இருக்காது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அதன்படி வெளிநாடுகளில் இணையாக ஏற்கப்படுவது என்.பி.ஏ.வின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பிரிவுகள் மட்டுமே. அந்த அடுக்கில் பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவு செய்ய நினைப்பவருக்கு இது தேவை, மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை.

என்.ஐ.ஆர்.எஃப். 2016 முதல் வெளியாகும் தரவரிசை. பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தல் வளம் 30, ஆராய்ச்சி 30, பட்டம் பெற்றோர் நிலை 20, அனைவரையும் உள்ளடக்கல் 10, நற்பெயர் 10 என்று நூற்றுக்கு மதிப்பெண். ஆராய்ச்சிக்கு 30 என்றால், இளங்கலை மாணவருக்கு நேரடியாகத் தொடர்பில்லாத ஒன்றுக்கு அத்தனை எடை. 20ஆவது இடத்துக்கும் 35ஆவது இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து பி.இ. சேரும் இடத்தை முடிவு செய்வதில் பொருளே இல்லை.

## தரவரிசை எண்ணைவிட முக்கியமான ஒரு அட்டவணை

என்.ஐ.ஆர்.எஃப்.பின் உண்மையான பயன் தரவரிசையில் இல்லை. பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த தரவைத் தன் இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்பாகப் போட்டுவைக்க வேண்டும். அதில் "வேலைவாய்ப்பும் மேற்படிப்பும்" என்ற அட்டவணை இருக்கும். கல்லூரி விளம்பரங்கள் சொல்லாததை இது சொல்கிறது. படிக்கும் முறை இதோ, ஒரு கற்பனைக் கல்லூரியின் நான்காண்டுப் படிப்பை வைத்து:

1. முதலாண்டில் சேர்ந்தவர்கள் 360.
2. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் 36. ஆக, வகுப்பில் இருந்தவர்கள் 396.
3. உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள் 270.
4. வேலை கிடைத்தவர்கள் 162.
5. மேற்படிப்புக்குப் போனவர்கள் 36.
6. இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்.

இதே கல்லூரி, முடித்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்யலாம். 270இல் 162 என்பது 60 சதவீதம்தான். ஆனால் சேர்ந்த 396 பேரில் பார்த்தால் 41 சதவீதம். அதைவிட முக்கியம், 126 பேர் உரிய காலத்தில் முடிக்கவே இல்லை. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் அரியரிலோ இடைநிற்றலிலோ போயிருக்கிறார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு இதுதான். ஓராண்டு தள்ளிப்போனால் ஓராண்டுச் சம்பளம் போகிறது, வளாகத் தேர்வில் உட்காரும் தகுதியும் போகிறது.

இடைநிலைச் சம்பளம் என்பது, வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. சராசரியை ஒரே ஒருவரின் 40 லட்ச ரூபாய் வேலை மேலே இழுத்துவிடும். இடைநிலையை அப்படி இழுக்க முடியாது. "அதிகபட்ச பேக்கேஜ்" என்று பலகையில் எழுதுவதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

இந்தத் தரவுக்கும் குறைகள் உண்டு. நிறுவனங்கள் தாங்களே கொடுப்பது. இதை எதிர்த்து 2025இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கும் நடந்தது. துறைவாரியாகவும் பிரித்துத் தருவதில்லை. எனவே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் துறைவாரிப் பட்டியலைக் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு நல்ல ஆதாரம், அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதப் பட்டியல். ஒரே வினாத்தாள், ஒரே திருத்தம் என்பதால் ஒப்பிட ஏற்றது. தன்னாட்சிக் கல்லூரிகள் இதில் வராது. அவை சொந்தமாகப் பாடத்திட்டம் வகுத்து, சொந்தமாகத் தேர்வு நடத்துகின்றன. அங்கே தேர்ச்சி விகிதம் உயர்ந்திருப்பதை மற்றக் கல்லூரிகளோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஜி.சி.டி. போன்ற அரசுக் கல்லூரிகளும் தன்னாட்சி பெற்றவையே.

## நிதி நெருக்கடி, துணைவேந்தர் இல்லாமை: மாணவருக்கு என்ன ஆகும்?

முதலில் பணம் ஏன் இல்லை என்று பார்க்கலாம். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வருமானம் அரசு மானியம், தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி ஆகியவற்றிலிருந்து வருகிறது. தொலைநிலைக் கல்விக்கு மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று கட்டுப்பாடு வந்ததும் அந்த வரவு சுருங்கியது. கல்லூரிகள் தன்னாட்சி பெறப் பெறத் தேர்வு வரவும் குறைகிறது. ஓய்வூதியச் சுமை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் 424 கோடி ரூபாய் வரி கேட்டு வருமான வரித் துறை கணக்குகளை முடக்கியது இந்தப் பின்னணியில்தான்.

துணைவேந்தர் விவகாரம் வேறு. தேடல் குழுவில் யு.ஜி.சி. பிரதிநிதி இருக்க வேண்டும் என்றார் ஆளுநர். மாநில அரசு மறுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் பதவி காலியானது. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதலாம் என்று 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே அந்தச் சட்டத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. துணைவேந்தர் இல்லாத காலத்தில் பல்கலைக்கழகத்தை ஒருங்கிணைப்புக் குழு நிர்வகிக்கும்.

மாணவரைப் பொறுத்தவரை விளைவுகள் படிப்புக்குப் படிப்பு வேறுபடுகின்றன.

1. இணைப்புக் கல்லூரியிலோ அரசுக் கல்லூரியிலோ இளங்கலை படிப்பவருக்கு அன்றாடத்தில் பெரிய மாற்றம் இல்லை. அவருடைய ஆசிரியரின் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதில்லை. தேர்வு முடிவும் பட்டமளிப்பும் தாமதமாகலாம். வெளிநாட்டுச் சேர்க்கைக்குச் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்படுபவருக்கு அந்தத் தாமதம் வலிக்கும்.

2. பல்கலைக்கழகத் துறையில் முதுகலை படிப்பவர் நேரடியாகப் பாதிக்கப்படுவார். நியமனம் நிற்கும், லேப் செலவுக்குப் பணம் வராது, நூலகத்தில் ஆய்விதழ்ச் சந்தா குறையும்.

3. முனைவர் பட்ட ஆய்வாளருக்குத்தான் அடி பலமாக விழும். வழிகாட்டி ஓய்வு பெற்றால் மாற்று ஆள் இருக்க மாட்டார். ஆய்வு நிதி வெளி அமைப்பிலிருந்து வந்தாலும் அது பல்கலைக்கழகக் கணக்கு வழியாகத்தான் கைக்கு வர வேண்டும்.

ஆக, செய்தியில் நெருக்கடி என்று வந்ததும் இளங்கலைக்கே ஒரு நல்ல அரசுக் கல்லூரியை ஒதுக்குவது தேவையில்லாத இழப்பு. ஆராய்ச்சிக்குச் சேர்பவர் அதே செய்தியைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சேர்வதும் அப்படித்தான்.

## நேரில் போனால்

ஒரு வேலை நாளில் போங்கள். பிற்பகலில் போனால் நல்லது, லேப் வகுப்புகள் அப்போதுதான் நடக்கும். கருவிகள் ஓடுகின்றனவா, உறை போட்டு மூடியிருக்கின்றனவா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு சீனியர்கள் சிலரிடம் பேசுங்கள். "காலேஜ் எப்படி" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். இந்தப் பருவத்தில் எந்தப் பாடத்துக்கு இன்னும் ஆசிரியர் வரவில்லை, போன ஆண்டு உங்கள் துறைக்கு எந்தெந்த நிறுவனம் வந்தது, பெண்கள் ஹாஸ்டலில் இரவு எத்தனை மணிக்குக் கதவு மூடுகிறார்கள், தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள்.

## விருப்பப் பட்டியல்

ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் முந்தைய ஆண்டு எந்தக் கட்-ஆஃபில் இடம் நின்றது என்பதைக் கலந்தாய்வு இணையதளமே வெளியிடுகிறது. ஓராண்டை மட்டும் பார்க்காமல் மூன்றாண்டைப் பாருங்கள். உங்கள் மதிப்பெண்ணைவிட இரண்டு மூன்று கூடுதலாக நின்ற இடங்களையும் பட்டியலின் மேலே வையுங்கள். கணினி, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத்தான் தரும். எட்டாத இடத்தை மேலே வைப்பதால் கீழே உள்ளது பறிபோகாது. விரும்பாத இடத்தை மேலே வைத்தால்தான் ஆபத்து, அதுவே கிடைத்துவிடும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று குறித்த கெடுவுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அந்தச் சுற்று போய்விடும். சேர்க்கை நாளில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி, மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் போன்றவற்றை எந்தக் கல்லூரியும் பிடித்துவைக்க முடியாது. கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.